லிட்டருக்குப் பதினாலு

எடைமேடைக்காரரிடம் "சுமாரா இவ்வளவு இருக்கும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். சுமாரா என்றால் என்ன அர்த்தம்? நிறுத்தாயா? அளந்தாயா? எண்ணினாயா? மூன்றும் இல்லையென்றால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. இதுதான் அவர் கட்சி. கல்யாணமான புதிதில் மனைவி "உப்பு சுமாரா போட்டிருக்கேன், பாருங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது அந்தக் குடும்பத்தில் இன்றும் பேசப்படுகிற கதை.

ஊருக்கு வெளியே, பெட்ரோல் பங்குக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த எடைமேடை. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புப் பலகை. பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் அறை. அறைக்குள் ஒரு மேசை, சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி, தலைக்குமேல் கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. லாரியை வெறும் வண்டியாக ஒருமுறை நிறுக்க வேண்டும், சரக்கோடு ஒருமுறை நிறுக்க வேண்டும், வித்தியாசத்துக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் எத்தனை தில்லுமுல்லு! ஒருவன் பின்சக்கரத்தைப் பலகைக்கு வெளியே விட்டு நிறுத்துவான். இன்னொருவன் காலி வண்டியாக வரும்போது தண்ணீர்த் தொட்டியைக் காயப்போட்டுவிட்டு, சரக்கோடு வரும்போது வாய்வரை நிரப்பிக்கொண்டு வருவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவரிடம் எதுவும் பலிக்காது. "தம்பி, வண்டிய ரெண்டடி முன்னால எடு" என்று சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அசடு வழிந்துகொண்டே எடுப்பான்.

வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து, முத்திரை போட்ட எடைக்கற்களைப் பலகைமேல் ஏற்றி மேடையைச் சோதித்துவிட்டுப் போவார். அன்றைக்கு இவருக்குத் தலைகால் புரியாது. "கருவி என்ன சொல்லுதுங்கறது பெரிசில்ல. கருவிய யாரு சோதிச்சாங்க? அதக் கேளு முதல்ல" என்று லாரிக்காரர்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். அவர்களும் சீட்டு கைக்கு வரும்வரை தலையாட்டுவார்கள்.

மனைவிக்கும் அளக்கிற தொழில்தான். குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. தண்ணீர் கலங்கலா, குளோரின் கூடவா குறையவா என்று நாள் முழுக்கக் குழாயும் குப்பியுமாக நிற்பவள். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அளவையெல்லாம் மறந்துவிடத் தெரிந்தவள். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருவர்தான். காலையில் அவர் பின்சந்து வழியாக நடந்து மேடைக்குப் போவார். அவள் பஸ் பிடித்து ஆய்வகத்துக்குப் போவாள். மாலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். அந்த டீ இல்லாவிட்டால் மட்டும் இருவருக்கும் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. அணைக்கட்டை ஒட்டிய சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வகப் பொறுப்பாளர். அங்கே குடும்பத்தோடு தங்க ஒரு குவார்ட்டர்ஸ் வீடும் உண்டு. மூன்று மாதத்துக்குள் வீடு வேண்டுமா வேண்டாமா என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அணைக்கட்டோ அறுபத்து மூன்று கிலோமீட்டர். நேரத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. கடைசிக் கொஞ்ச தூரம் ஜல்லியும் பள்ளமுமாகக் கிடக்கும். சின்னக் கார் போனால் வயிறு கிழிந்துவிடும்.

"நான் அங்க போயி தனியா உக்காந்துக்கிட்டு என்னங்க பண்றது? வீட்லேர்ந்தே போயிட்டு வர்றேன்" என்றாள்.

அவருக்கு அதைக் கேட்டதும் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "டீசல் கட்டுப்படியாகுமான்னு பாக்கணும்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டார். போகவர எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள், சம்பளத்தில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் எல்லாம் போட்டு, கடைசியில் நிமிர்ந்து, "லிட்டருக்குப் பதினாலு குடுத்தா நீ வீட்லேர்ந்து போயிட்டு வரலாம். கொறஞ்சா கட்டாது. குவார்ட்டர்ஸ்தான்" என்றார். தீர்ப்பு சொன்ன கையோடு எழுந்து குளிக்கப் போய்விட்டார். பதினாலா பதிமூன்றா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டி மச்சினனுடையது. அவள் தம்பி. நான்கைந்து பேராகச் சேர்ந்துகொண்டு மலையிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தில் ஒருவன். அவனுக்குப் புது வண்டி வாங்க ஆசை வந்துவிட்டது, பழையதை அக்கா வீட்டுக்காரர் தலையில் கட்டினான். டீசல் எஸ்யூவி, ஏழு பேர் உட்காரலாம், ஓடி ஓடி எஞ்சின் பழகிப்போன வண்டி. அதன்மேல் அவன் செய்துவைத்திருந்த அலங்காரம் இருக்கிறதே! கூரைமேல் இரும்புக் கேரியர், முன்னால் மாடு முட்டினாலும் அசையாத இரும்புத் தடுப்பு, வரிசையாக லைட்டுகள், எஞ்சின் மூச்சுவிட யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், சேற்றில் மிதக்க ஆளுயரத்துக்குப் பாதி வரும் பெரிய டயர்கள்.

"டயர் புத்தம் புதுசு மாமா. அதுக்கே நீங்க எனக்குத் தனியா குடுக்கணும். அக்காவுக்காக விட்டுத் தர்றேன்" என்றான் மச்சினன்.

"எவ்ளோ மைலேஜ் குடுக்குது?"

"சுமாரா..." என்று ஆரம்பித்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மனைவி அந்த வண்டிக்கு வைத்த பெயர் எருமை. ஆனால் ஓட்டக் கற்றுக்கொண்டது என்னவோ பத்தே நாளில். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஓட்டினாள். தினமும் விடிந்ததும் எருமையை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பினாள்.

மைலேஜ் பார்க்கிற விஷயத்தில் எடைமேடைக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்துப் பங்கிலேயே போட வேண்டும். அதே குழாயில் போட வேண்டும். டாங்க் கழுத்துவரை நிரம்ப வேண்டும். அடுத்தமுறை அதே இடத்தில் அதே அளவுக்கு நிரப்பி, இடையில் மீட்டர் காட்டிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். பங்குக்காரன் குழாயை எடுக்கப் போனால் "இரு, நுரை அடங்கட்டும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அவன் பாடு.

முதல் அளவில் வந்தது பதினொன்று புள்ளி இரண்டு.

இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் துண்டு விழுகிறது. ஆனால் மனம் தளரவில்லை. அவர் அறிவுக்குத் தெரிந்த ஒரே எதிரி எடைதான். அன்றைக்கே வண்டியைத் தன் மேடைமேல் ஏற்றி நிறுத்தார். இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ. "கொழுப்பு" என்றார், வண்டியைப் பார்த்து.

கேரியர் இறங்கியது. இரும்புத் தடுப்பு இறங்கியது. லைட்டுகள் இறங்கின. கடைசி வரிசை இருக்கைகள் கழன்று வீட்டுக் கூடத்துக்கு வந்து சோபாவாகின. ஒவ்வொன்றாகக் கழற்றுவார், மேடையில் ஏற்றுவார், எண்ணைப் பார்த்துச் சிரிப்பார். காலடி மிதியடிகளைக்கூட எடுத்துவிட்டு ஏற்றினார். லாரி மேடையில் பத்துக் கிலோவுக்குக் கீழே கணக்கே கிடையாது என்பதால் எண் அசையவில்லை. அன்று முழுக்க முகம் தொங்கிப்போயிருந்தது. ஸ்டெப்னியைக் கழற்றியபோதுதான் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"நடுவழியில பஞ்சர் ஆச்சுன்னா என்ன, உங்க எடைச் சீட்ட மாட்டிக்கிட்டு வரவா?"

ஸ்டெப்னி திரும்ப ஏறியது. அவளுடைய மதிய சாப்பாட்டு அடுக்கு எவர்சில்வரிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியதை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை.

மைலேஜ் பதினொன்று புள்ளி எட்டுக்கு வந்தது. இனி எடையால் ஆகாது, உள்ளே கை வைக்க வேண்டும் என்று 'புகை'யிடம் போனார். புகை என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்த டீசல் வண்டி வந்தாலும் முதலில் சைலன்சர் பக்கம் போய் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். எருமையின் பின்னாலும் நின்று இழுத்தார். இருமினார்.

"இன்ஜெக்டர் அழுகிப் போச்சுண்ணே. இந்தத் தும்பிக்கைய எடுங்க, நல்ல ஃபில்டர் போடலாம். டர்போ பைப்புல காத்து கசியுது. அப்புறம் டயர மாத்துங்க, இத உருட்டறதுக்கே பாதி டீசல் போயிடும்."

"டயர் புதுசு. அது அப்புறம்."

இன்ஜெக்டரைக் கழுவினார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். கசிந்த பைப்பை மாற்றினார்கள். பன்னிரண்டு புள்ளி மூன்று. பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. எஞ்சினின் மூளையோடு பேசி டீசலை அளந்து ஊற்றச் சொல்லுமாம். "யாரு சோதிச்சது இத?" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். புகை பொறுமையாக மாட்டிக் காட்டினார். பன்னிரண்டு புள்ளி ஏழு. "பரவால்ல, அளக்கத் தெரிஞ்ச பெட்டிதான்" என்று ஒத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஓட்டுகிற ஆள். வேகம் காட்டும் முள்ளில் அறுபதுக்கு நேரே ஒரு சிவப்பு நாடாவை ஒட்டினார். அதைத் தாண்டக் கூடாது. ஏசி கூடாது. சன்னலையும் திறக்கக் கூடாது, காற்று இழுக்கும். கியரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், பிரேக்கை முடிந்தவரை மறந்துவிட வேண்டும். அவள் வியர்த்து வழிந்து வந்து இறங்குவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள்.

"வர வழியில ஒரு டிராக்டர் என்னைத் தாண்டிப் போச்சு. ஓட்டினவன் திரும்பிப் பாத்து சிரிச்சான்."

"சிரிக்கட்டும். எவ்ளோ காட்டுது?"

இப்படித்தான் கேட்பார். முள் எங்கே நிற்கிறது, மீட்டர் என்ன சொல்கிறது. அவள் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய் அப்படியே சாய்ந்துவிடுவாள். அவர் டீ போட்டு எடுத்துக்கொண்டு வரும்போது தூங்கியிருப்பாள். எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பது எப்போது நின்றுபோனது என்று அவர் கவனிக்கவில்லை. பதினாலு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

வரவில்லை. வீட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு முந்தின நாள் கடைசியாக அளந்தார். இரண்டு தடவை வகுத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்பது. கூடத்தில், காரிலிருந்து வந்த அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ?"

"பன்னெண்டு புள்ளி ஒம்பது."

"பதிமூனுன்னு வெச்சுக்கங்களேன்."

"பதிமூனே வெச்சாலும் பதினாலு ஆகாதே."

"பதினாலுன்னே வெச்சுக்கங்களேன். இப்ப யாரு வந்து பாக்கப் போறா?"

அவர் அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவள் போய்விடக் கூடாது என்று அவர் உள்ளே கிடந்து தவித்தது உண்மை. தொண்டைவரை வந்ததும் உண்மை. ஆனால் இத்தனை வருடம் பலகையை விட்டு ஒரு சக்கரம் வெளியே நின்றாலும் ஒத்துக்கொள்ளாதவர், தன் வீட்டுக்காரிக்காக ஒரு கிலோமீட்டரைக் கூட்டிச் சொல்வதா?

"வந்தது வந்ததுதான்" என்றார்.

"சரி" என்றாள். மறுநாள் வீடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் இரண்டு பெட்டியோடு போயும் விட்டாள். ஆய்வக ஜீப் ஒன்று அந்தப் பக்கம் போக இருந்ததால் அதிலேயே ஏறிக்கொண்டாள். எருமை வாசலில் நின்றது, வந்தபோது இருந்ததைவிட நூற்றெழுபது கிலோ இளைத்து.

எடைமேடைக்காரர் தனியாக டீ போட்டார். இரண்டு டம்ளருக்குப் பழகின கை, பாதி மிஞ்சியது. சோறு இறங்கவில்லை. மேடையில் ஒரு லாரிக்காரனுக்கு வெறும் வண்டி எடையையே சரக்கு எடையாகப் போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

சில வாரம் சென்று அவள் போனில், தரையில் படுத்துப் படுத்து முதுகு பிடித்துக்கொள்கிறது, மெத்தையைக் கொண்டுவந்து போடுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு ஒரு நாள் லீவு விட்டார். இருக்கை இல்லாத பின்பக்கத்தில் மெத்தையை மடித்துத் திணித்துக்கொண்டு கிளம்பினார். ஆமாம், அத்தனை மாதத்தில் அந்தச் சாலையில் அவர் வண்டியோட்டிக்கொண்டு போவது அதுதான் முதல் தடவை. வாரத்தில் ஏழு நாளும் மேடை உண்டு. வண்டி அவள் வண்டி. அவர் வேலை வகுப்பது.

மேடையைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அங்கேயே சாலையோரத்தில் அணைக்கட்டு 63 என்று போட்ட கல் இருந்தது. அப்புறம் 62, 61 என்று கற்கள் இறங்கிக்கொண்டே வந்தன. 52 என்ற கல்லில் தற்செயலாக மீட்டரைப் பார்த்தார். பதினோரு கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும். மீட்டர் பத்துப் புள்ளி ஒன்று என்றது.

"கல்லு நட்டவன் குடிச்சிருப்பான்" என்று சொல்லிக்கொண்டார்.

ஆனால் அரிப்பு எடுத்துவிட்டது. 40 என்ற கல்லில் வண்டியை ஓரமாக நிறுத்தியே பார்த்தார். கல் கணக்கில் இருபத்து மூன்று. மீட்டர் கணக்கில் இருபத்தொன்று புள்ளி ஒன்று. ஒரு கல்லைக் குடிகாரன் நட்டிருக்கலாம். எல்லாக் கல்லையும் ஒரே சீராகத் தப்பாக நட எந்தக் குடிகாரனால் முடியும்?

இறங்கினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் கண் அந்தப் பெரிய டயரில் போய் நின்றது. அப்படியே மச்சினனுக்குப் போன் போட்டார்.

"ஆமா மாமா" என்றான் அவன், கொட்டாவி விட்டுக்கொண்டே. "மீட்டர் ரோட்டையா அளக்குது? சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுது. பெரிய டயர் ஒரு சுத்துல கூட தூரம் போவும், மீட்டருக்கு அது தெரியாது. பழைய டயர்னு நெனச்சுக்கிட்டு கம்மியாத்தான் காட்டும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே!"

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"உங்களுக்கா? நீங்க எடைமேடைக்காரராச்சே மாமா! சோதிக்காம இருப்பீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வருவோர் போவோருக்கெல்லாம் கருவியைச் சோதித்தாயா என்று பாடம் எடுத்தவர், மூன்று மாதம் தன் வண்டி மீட்டரின் வாயை அப்படியே நம்பியிருக்கிறார். கைபேசியில் கணக்குப் போட்டார். மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்று சொன்ன இடத்தில் வண்டி உண்மையில் ஓடியது பதினாலு. கடுகளவு மேலேகூட. அவள் கூடத்தில் உட்கார்ந்து "பதினாலுன்னே வெச்சுக்கங்களேன்" என்று சொன்ன அந்த மாலையில், வாசலில் நின்ற எருமை பதினாலுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதுதான் சரியான அளவு. அவர் சொன்னதுதான் பொய்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சந்தோஷமும் பொங்கியது, அதை மறைப்பானேன். அவள் வீட்டுக்கு வந்துவிடலாம்! மிச்சத் தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஜல்லிப் பாதையில் மெத்தை எம்பி எம்பி அவர் பிடரியில் மோதியது.

அவள் குவார்ட்டர்ஸ் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு அறை வீடு, வெள்ளையடித்த சுவர், சன்னலுக்குப் புதிதாக ஒரு திரை. அணையின் நீர் தூரத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. கொஞ்சம் சதை பிடித்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போய், பார்க்க நன்றாக இருந்தாள்.

"பதினாலு!" என்றார், வண்டியிலிருந்து பாதி இறங்கியபடி.

"என்ன பதினாலு?"

சொன்னார். டயர், மீட்டர், கல், மச்சினன் விட்ட கொட்டாவி எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நிற்க முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் நிறுத்துக் குடுக்கற மனுஷன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

"அதனால வீட்ட வேணாம்னு எழுதிக் குடுத்துரு. நாளைலேர்ந்து பழையபடி போயிட்டு வரலாம்" என்றார்.

அவள் சிரிப்பு நின்றது.

"முதுகு வலிக்குதாங்க?"

அவர் கை இடுப்பில் இருந்தது. "கொஞ்சம்" என்றார்.

"ஒரு தடவ வந்ததுக்கே. நான் மூனு மாசம் போயிட்டு வந்தேன். வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டீங்களா? எருமை எவ்ளோ குடிச்சுதுன்னுதான் கேட்டீங்க."

"நீ வீட்ல இருக்கணும்னுதானே..."

"அதச் சொன்னீங்களா? அன்னிக்கி எதுக்குப் பதினாலுன்னு வெச்சுக்கங்கன்னேன்? எனக்கு வகுக்கத் தெரியாதா? போகாதடீன்னு ஒரு வார்த்த வாயிலேர்ந்து வருமான்னு பாத்தேன். புள்ளி ஒம்பதுதான் வந்துச்சு."

அவருக்கு முகம் செத்துவிட்டது. "நீ போனதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலம்மா" என்றார். "வீட்டுக்குள்ள போகவே பிடிக்கல."

"எனக்கும்தான் பிடிக்கல" என்றாள் அவள். "ராத்திரியானா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்ப வா."

"வர மாட்டேன். அந்த ரோட்டுல தெனமும் ரெண்டு வேள என்னால முடியாது." அவள் துணியை உதறிக் கயிற்றில் போட்டாள். "நீங்க வாங்க."

"எங்க?"

"இங்கதான். குடும்பத்தோட இருக்கறதுக்குத்தானே வீடு குடுத்திருக்காங்க? வண்டிதான் பதினாலு குடுக்குதே. நான் உக்காந்து ஓட்டினாலும் அதே டீசல், நீங்க உக்காந்து ஓட்டினாலும் அதே டீசல். காலைல இங்கேர்ந்து மேடைக்குப் போங்க, சாயங்காலம் திரும்பி வாங்க."

அறுபத்து மூன்று கிலோமீட்டரை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்! போகவரக் கூட்டியிருக்கிறார், மாதத்துக்குப் பெருக்கியிருக்கிறார், லிட்டரால் வகுத்திருக்கிறார். அந்த இருக்கையில் உட்காரப் போகிறவர் தானாகவும் இருக்கலாம் என்பது ஒருமுறைகூட அவர் புத்தியில் தட்டவில்லை.

"நான் உன்னவிட இருவத்தஞ்சு கிலோ கூட. மைலேஜ் கொறையும்" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"சாப்பாட்டக் கொறைங்க" என்றாள். "மெத்தைய எறக்குங்க மொதல்ல."

இறக்கினார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினார். அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்து, சாப்பாட்டு டப்பாவைச் சன்னல் வழியாக நீட்டினாள். "அறுவதுக்கு மேல போகாதீங்க. சன்னலத் தெறக்காதீங்க" என்றாள், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. ஜல்லிப் பாதை முடிவதற்குள் அவருக்குக் குடல் கலங்கிவிட்டது. வெயில் நேராகக் கண்ணில் குத்தியது. எதிரே வருகிறவன் எல்லாம் இவர் தடத்திலேயே வந்தான். பாதி வழியில் கை தானாகப் போய் ஏசியைப் போட்டது. முக்கால் வழியில் வலது கால் மரத்துப்போனது. இந்த இருக்கையில் அவள் ஆயுசுக்கும் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் தான் இத்தனை நாளும் பாடுபட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் இல்லாத வண்டிக்குள் "சே!" என்று சத்தமாகச் சொன்னார்.

மேடைக்கு வந்தபோது ஒரு மணல் லாரி அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றது. வண்டியிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, நொண்டிக்கொண்டே அறையைத் திறந்தார்.

"என்னண்ணே, இன்னிக்கி இவ்ளோ லேட்டு?" என்றான் லாரிக்காரன். "நீங்க கடிகாரமாச்சே!"

"வீட்லேர்ந்து வர வேணாமா? அறுவத்து மூனு கிலோமீட்டர்."

"என்னண்ணே சொல்றீங்க? உங்க வீடு இதோ பின்சந்துலதானே இருக்கு?"

எடைமேடைக்காரர் சன்னலைத் திறந்து, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அங்க யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பலகையில் ஏற்றச் சொன்னார்.